கூட இருக்கிறவங்க யாரு?

மதுரை பனகல் ரோட்டில் சாயங்காலப் பார்வையாளர் நேரம் நெருங்க நெருங்கக் கூட்டம் சேரும். பழ வண்டிக்காரர்கள் சாத்துக்குடியைத் துடைத்துத் துடைத்து அடுக்குவார்கள். அண்ணா பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருகிறவர்கள், மாட்டுத்தாவணியில் இறங்கி டவுன் பஸ் மாறியவர்கள், ஷேர் ஆட்டோவில் கோரிப்பாளையத்தில் இறங்கியவர்கள் எல்லாரும் ஒரே திசையில் போவார்கள். உசிலம்பட்டி, தேனி, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் என்று பாதித் தென்மாவட்டத்தின் ஊர்ப்பேர்கள் அந்த நடைபாதையில் காதில் விழும். போர்டில் இருக்கிற பெயர் அரசு ராஜாஜி மருத்துவமனை. எங்களுக்கு அது பெரியாஸ்பத்திரி. அப்பா காலத்து ஆட்கள் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்பார்கள். 1930களில் சென்னை மாகாண கவர்னராக இருந்த எர்ஸ்கின் பிரபு பெயர்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக நானும் நடந்திருக்கிறேன். பிறகு ஒரு வருஷம் சித்திரை மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, அதே கூட்டம் வார்டுக்குள் வருவதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய் ஆள் பார்ப்பதைப் பற்றி எனக்கு இருக்கிற எண்ணம் எல்லாம் அந்தப் பாயில் உட்கார்ந்து வந்ததுதான். நோயாளியைப் பார்க்கத்தான் போகிறோம், சரி. ஆனால் அங்கே நாம் கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொரு ஆள் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்க்காமல் வந்தால் பாதிதான் பார்த்து வந்திருக்கிறோம்.

பெண்கள் வார்டில் ராத்திரி ஆம்பளைகள் தங்க முடியாது. மாத்திரை, ரிப்போர்ட், டீ என்று வெளிவேலைகளை அண்ணன் பார்த்துக்கொள்ள, உள்ளே இருப்பது என் பொறுப்பு. அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. விழுங்க முடியாததால் மூக்கு வழியாக டியூப். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பெலும்பு அழுந்துகிற இடத்தில் படுக்கைப் புண் வந்துவிடும் என்று நர்ஸம்மா முதல் நாளே சொல்லி, எப்படிப் புரட்டுவது என்று தானே செய்து காட்டினார். டியூபில் கஞ்சி ஊற்றும்போது தலைமாட்டை உயர்த்த வேண்டும். ஊற்றி முடித்த பிறகும் அரைமணி நேரமாவது இறக்கக் கூடாது. யூரின் பையைக் காலி செய்யும்போது அளவைக் குறித்து வைக்க வேண்டும். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கேட்கிற கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும். "பேஷண்ட் கூட இருக்கிறவங்க யாரு?" என்று வாசலிலிருந்து குரல் வந்தால், சோற்றில் வைத்த கையை உதறிவிட்டு எழுந்திருக்க வேண்டும்.

அம்மாவுக்குச் செய்ததில் எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. ஆனால் உடம்பு என்று ஒன்று இருக்கிறதே. ராத்திரித் தூக்கம் கெட்டு, வேளைக்குச் சாப்பிடாமல் இருக்கிற ஒருத்திதான் எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவள் தடுமாறினால் அடி நோயாளிக்கு விழும்.

வந்தவர்கள் எல்லாரும் பிரியமாகத்தான் வந்தார்கள். அம்மாவைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டு என் பக்கம் திரும்பிக் கேட்பார்கள். எப்ப ஆச்சு, எப்படி விழுந்தாங்க, ஸ்கேன்ல என்ன வந்துச்சு, டாக்டர் என்ன சொல்றாரு. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அடுப்படி வாசலில் அம்மா சரிந்து கிடந்த அந்தக் காலையை மறுபடி பார்க்க வேண்டும். மதினிதான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தினம் ராத்திரி நாலு வரி வாட்ஸப்பில் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிடுவார்: இன்று காய்ச்சல் இல்லை, டியூப் அப்படியே இருக்கிறது, நாளைக்கு பிசியோ வருகிறார்கள், பார்க்க வருகிறவர்கள் வியாழக்கிழமைக்கு மேல் வந்தால் நல்லது. அதற்குப் பிறகு என்னிடம் கேட்கிற கேள்விகள் பாதியாகக் குறைந்தன. இன்றைக்கு யார் வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு என்று கேள்விப்பட்டாலும், அந்த நாலு வரியை எழுதுகிற வேலையை வெளியூரில் இருக்கிற ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன். நேரில் வர முடியாதவர் செய்யக்கூடிய பெரிய உதவி அது.

எங்கள் எதிர்வீட்டு அக்கா வந்த அன்றைக்கு நடந்ததை விரிவாகவே சொல்ல வேண்டும். அவர் கையில் பழம் இல்லை. ஒரு தூக்குச்சட்டியில் ரசம் சோறும் அப்பளமும், எனக்கு ஒரு மாற்று உடுப்பு, ஒரு சின்ன டப்பாவில் தேங்காய் எண்ணெய். அம்மாவின் நெற்றியைத் தடவிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ மொதல்ல எந்திரி. குளிச்சுட்டு இதச் சாப்ட்டு, வெளிய மரத்தடியில போய்ச் செத்த நேரம் படு. நான் இருக்கேன். என்ன செய்யணும்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

"இல்லக்கா, டாக்டர் வந்தார்னா..."

"வந்தா உனக்கு ஆள் அனுப்ப மாட்டேனா? போத்தா, போ."

நான் திரும்பி வந்தபோது, அம்மாவை எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் புரட்டினார், பையில் எவ்வளவு யூரின் வந்தது என்பதை நாள்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் அவருடைய முறை. யாரும் கேட்டு வந்ததில்லை, அவரே எடுத்துக்கொண்டது. எனக்கு அந்த இரண்டு நாள் வருகிறது என்பதே மற்ற நாட்களைத் தள்ளப் போதுமாக இருந்தது. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று நல்ல மனசோடு சொல்லிவிட்டுப் போனவர்கள் நிறைய. ஆனால் அந்த நிலையில் இருக்கிறவளுக்கு என்ன வேண்டும் என்று யோசித்துச் சொல்லவும் தெம்பு இருக்காது. "நாளைக்கு மத்தியானச் சாப்பாடு நான் கொண்டுவர்றேன்", "ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும் நான் உக்காந்துக்கிறேன்" என்று வேலையைப் பேர் சொல்லி எடுத்துக்கொள்கிறவர்தான் உதவி செய்கிறவர்.

பின்னாளில் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் நர்ஸிங் பற்றி எழுதியதைப் படித்தபோது, எங்கள் வார்டில் உட்கார்ந்து எழுதியதைப் போலவே இருந்தது. நோயாளி தலையைத் திருப்பாமலே உங்களைப் பார்க்கிற இடத்தில் உட்காருங்கள் என்கிறார். நின்றுகொண்டே பேசினால் அவர் கண்ணை மேலே தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார். கட்டிலில் சாயாதீர்கள், உட்காராதீர்கள், ஆட்டாதீர்கள். அறைக்குள்ளேயோ வாசலிலோ நின்று கிசுகிசுப்பது கொடுமை, ஏனென்றால் நோயாளி அதைக் காது கொடுத்துக் கேட்க முயன்றுகொண்டே இருப்பார். எல்லாவற்றையும் விட, ஒன்றும் ஆகாது, சரியாகிவிடும் என்று மேலோட்டமாகத் தேற்றுகிறவர்களையும், இந்த மருந்தைச் சாப்பிடு, அந்த டாக்டரைப் பார் என்று யோசனை சொல்கிறவர்களையும் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். நோயாளிக்கு அது எவ்வளவு தனிமையைக் கொடுக்கிறது என்பதை அவர் உணர்ந்து எழுதியிருக்கிறார். கிரிமியப் போருக்குப் போய்வந்த பின் நீண்ட காலம் தானே படுக்கையில் கிடந்தவர் அல்லவா.

அம்மாவுக்குப் பேச்சுப் போனது என்றேன். மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு வந்தால் வலது பக்கம் உடம்பு விழும். பேச்சைக் கட்டுப்படுத்துகிற பகுதியும் பெரும்பாலானவர்களுக்கு இடது பக்கம்தான் இருக்கிறது. வார்த்தை வராது. ஆனால் பலருக்கு, நாம் பேசுவது கணிசமாகப் புரியும். இது தெரியாததால் பார்க்க வருகிறவர்கள் இரண்டு விதமாக நடந்துகொண்டார்கள். சிலர் காது கேட்காதவரிடம் பேசுவது போல உரக்கக் கத்தினார்கள். சிலர் அம்மா அங்கே இல்லாதது போல, கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு, "இனி நடமாட்டம் எல்லாம் கஷ்டந்தான்", "எங்க பக்கத்து வீட்டுல ஒருத்தருக்கு இதே மாதிரி வந்து மூணே மாசம்" என்று பேசிக்கொண்டார்கள். அம்மாவின் இடது கண்ணோரம் நீர் இறங்குவதை நான் துடைத்திருக்கிறேன். பேச்சு இழந்தவரிடம் சாதாரணக் குரலில், சின்னச் சின்ன வாக்கியமாக, ஆமாம் இல்லை என்று தலையாட்டினால் போதும் என்கிற மாதிரிக் கேள்வியாகக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பதில் வர நேரம் ஆகும். அவருக்குப் பதிலாக நாமே சொல்லி முடித்துவிடக் கூடாது.

அந்தச் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குகிற நாளும் ஆஸ்பத்திரியில்தான் கழிந்தது. பெரியாஸ்பத்திரிக்கும் வைகைக்கும் தூரம் அதிகமில்லை; தல்லாகுளம் பக்கம் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை நடக்கிற ராத்திரி முழுக்க ஒலிபெருக்கிச் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. மறுநாள் ஊரிலிருந்து அழகரைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அப்படியே அம்மாவையும் பார்க்க வந்தார்கள். மொட்டைத்தலையில் சந்தனம், நனைந்த வேட்டி, கையில் நாட்டுச்சர்க்கரை நிரப்பி வாழையிலை கட்டிச் சூடம் ஏற்றிய செம்பு. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த பெரியப்பா எல்லாரையும் வாசலிலேயே நிறுத்தினார். "ரெண்டு ரெண்டு பேராப் போங்க. உள்ள இன்னும் எத்தனை பேரு படுத்திருக்காங்க, பாருங்க" என்றார். கடைசியாக அவர் வந்து, அம்மாவின் முகத்துக்கு நேரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். எப்படி இருக்கே என்று கேட்கவில்லை. அழகர் எந்தக் கலர் பட்டு கட்டி வந்தார், ஆற்றில் எவ்வளவு தண்ணி, ஆழ்வார்புரத்தில் எவ்வளவு கூட்டம், பேரன் தோளில் உட்கார்ந்து எப்படிப் பார்த்தான் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பச்சைப் பட்டு என்றதும் அம்மா முகம் மலர்ந்தது. பச்சை வந்தால் வருஷம் செழிக்கும் என்று மதுரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சொல்லி முடித்து, வழக்கமாக ஊரில் சொல்வது போலத் தணிந்த குரலில் "கோவிந்தா" என்றார்.

"கோவிந்தா" என்றார் அம்மா. குழறல் இல்லாமல், முழுசாக.

எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிவிட்டது. என் பெயரைச் சொல்ல முடியாதவர், தண்ணி என்று கேட்க முடியாதவர். பிசியோதெரபிக்கு வந்த பெண்ணிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம் இல்லை. மனப்பாடமாக, மந்திரமாக, பாட்டாக வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தவை சிலருக்கு இப்படித் தப்பித்துக்கொள்ளும் என்றார். ஒன்று, இரண்டு என்று எண்ணுவது, கிழமைகளை வரிசையாகச் சொல்வது, சாமி பெயர், பாட்டு. புதிதாக ஒரு வாக்கியத்தை உருவாக்க முடியாதபோதும் இவை வரும். இதையே பிடித்துக்கொண்டு, ராகம் போட்டுச் சொல்லவைத்துப் பேச்சை மீட்கிற பயிற்சி ஒன்று 1970களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உருவாகியிருக்கிறது என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பெரியப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. நோயைத் தவிர வேறு எதையாவது அம்மாவிடம் பேச வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. பார்க்க வருகிறவர் கொண்டு வரக்கூடியதில் எனக்குப் பிடித்தது வெளியுலகச் செய்திதான். தெருவில் என்ன விசேஷம், யார் வீட்டில் குழந்தை பிறந்தது, மழை பெய்ததா, வாசலில் வைத்த மல்லிகைச் செடி பூத்ததா.

வாங்கிக்கொண்டு போகிற பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் வெறுங்கையோடு போவது மரியாதை இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள், சாத்துக்குடி, பிரெட், இளநீர். இவற்றில் எதையும் கேட்காமல் வாங்காதீர்கள். ஹார்லிக்ஸில் சர்க்கரை இருக்கிறது. இன்று வார்டில் படுத்திருக்கிறவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்லவே வேண்டாம். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் இருப்பவருக்கு இளநீரும், ஆரஞ்சு வகைப் பழங்களும், வாழைப்பழமும் உண்மையிலேயே ஆபத்து. அவற்றில் இருக்கிற பொட்டாசியத்தைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். கிராமத்திலிருந்து தோப்பு இளநீரை ஆசையோடு வெட்டிக் கொண்டு வந்தவரிடம் நோயாளியின் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். கொண்டு வந்தவர் முகம் வாடியதையும் பார்த்தேன். வயிற்றில் ஆபரேஷன் முடிந்தவருக்குக் குடல் வேலை செய்ய ஆரம்பிக்கும் வரை ஒரு வாய் தண்ணீர்கூட டாக்டர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். கீமோ எடுத்துக்கொண்டு வெள்ளையணு குறைந்திருப்பவருக்குப் பச்சையாகச் சாப்பிடுகிற எதையும், பூவையும்கூடத் தவிர்க்கச் சொல்கிற டாக்டர்கள் உண்டு.

பக்கவாதம் வந்தவர் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். விழுங்குகிற தசைகள் பாதிக்கப்பட்டிருக்கும். "பாவம், வாய் காஞ்சிருக்கு" என்று ஒரு ஸ்பூன் காபியோ தண்ணியோ ஊற்றினால், அது உணவுக்குழாயில் போகாமல் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவாக மாறலாம். இருமல்கூட வராமல் இறங்கும். பக்கவாதத்தில் பிழைத்தவர்களை நிமோனியா கொண்டுபோவது அபூர்வம் இல்லை. உதட்டை ஈரப்பஞ்சால் நனைப்பதென்றாலும் நர்ஸைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அப்படியானால் என்ன வாங்கிப் போவது? கூட இருக்கிறவருக்குச் சாப்பாடு. பிளாஸ்கில் காபி. ஒரு பழைய போர்வை, கொசுவத்தி வைக்க முடியாத இடம் என்பதால் கொசு மருந்துக் களிம்பு, போன் சார்ஜர், செய்தித்தாள். வயதான நோயாளி என்றால் வீட்டில் மறந்து வைத்துவிட்ட கண்ணாடியையும் காது மெஷினையும் தேடி எடுத்துப் போவது பெரிய காரியம். ஐசியூவில் ராப்பகல் தெரியாமல் கிடக்கிற முதியவர்களுக்கு இடம், காலம் தெரியாத ஒரு குழப்பம் வரும். தெரிந்த குரல் ஒன்று பக்கத்தில் வந்து, இன்றைக்குப் புதன்கிழமை, சாயங்காலம், நான் உன் தம்பி வந்திருக்கேன் என்று சொல்வதும், கண்ணாடி போட்டு முகங்களைப் பார்க்க வைப்பதும் அந்தக் குழப்பத்தைத் தணிக்க உதவுகின்றன. மருந்து செய்யாத வேலை இது. கையில் காசு கொடுக்கிற நம் வழக்கமும் எனக்குப் பிடிக்கும். போகும்போது சித்தி என் உள்ளங்கையில் மடித்து வைத்துவிட்டுப் போன நோட்டு, மறுநாள் ஆட்டோவுக்கும் மாத்திரைக்கும் ஆயிற்று. அதைக் கூச்சப்படாமல் கொடுங்கள், கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரத்தம் கொடுப்பது அதைவிடப் பெரியது. ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். 18 வயதாகி, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் போதிய ஹீமோகுளோபினும் இருந்தால் போதும். தட்டணுக்களை 5 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால் அது எப்போதும் புதிதாகத் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஆள் பார்க்க வரும் பத்துப் பேரில் இரண்டு பேர் வருகிற வழியில் ரத்த வங்கிக்குள் போய்விட்டு வந்தால், அவர்கள் வார்டுக்கு வராமலே போனாலும் எனக்குச் சம்மதம்.

பக்கத்துக் கட்டிலில் உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். அவருடைய மகள் படிக்காதவர், பயந்த சுபாவம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமானச் சான்று வேண்டும் என்றதும் அழ ஆரம்பித்துவிட்டார். அவரைப் பார்க்க வந்த தூரத்துச் சொந்தப் பையன் ஒருவன், காலேஜ் படிக்கிறவன், ரேஷன் கார்டையும் ஆதாரையும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய், வி.ஏ.ஓ.வைப் பார்த்து, இ-சேவை மையத்தில் பதிந்து, சான்றோடு கலெக்டர் ஆபீஸுக்குப் போய் கார்டு எடுத்து வந்துவிட்டான். அவன் அந்த அம்மாவின் கட்டிலருகே நின்றது ஐந்து நிமிஷம் இருக்குமா? அந்த வார்டுக்கு வந்தவர்களில் அவனைப் போல் இன்னொரு பார்வையாளரை நான் பார்க்கவில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பங்களுக்கு இப்போது அந்தத் திட்டம். ஆனால் படுத்திருக்கிறவர் அலைய முடியாது, கூட இருக்கிறவர் நகர முடியாது. அலைவதற்கு மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும்.

என் அத்தைக்கு வந்தது புற்றுநோய். வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. கட்டி என்றே பேசிக்கொண்டோம். அத்தையிடம் எதுவரை சொல்லியிருக்கிறோம் என்பது மாமாவுக்கும் டாக்டருக்கும்தான் தெரியும். ஒரு நாள் பார்க்க வந்தவர் கட்டிலருகே நின்று, "எந்த ஸ்டேஜ்ல கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டுவிட்டார். நோயாளியிடம் மறைக்கலாமா என்பது பெரிய கேள்வி. மறைக்கக் கூடாது என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் அதைச் சொல்கிற உரிமை அந்த வீட்டுக்காரர்களுக்கும் டாக்டருக்கும் உண்டு, சாத்துக்குடிப் பையோடு வந்தவருக்கு இல்லை. அத்தையே பேச்சை எடுத்தால் கேட்டுக்கொள்ளலாம். பதில் சொல்லத்தான் வேண்டும் என்பதில்லை. ஓர் உறவின் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தது எவ்வளவு தூரம் ஒருவரைக் கொண்டுபோகும் என்பதற்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இருக்கிறார். தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்த வேதனையை விடாமல் சுமந்து, 1954இல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார்.

கை கழுவுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1847இல் வியன்னா பிரசவ வார்டில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், கையைக் குளோரின் கரைசலில் கழுவிவிட்டு உள்ளே வரச் சொன்னார். சில மாதங்களிலேயே தாய்மார்களின் சாவு மளமளவென்று குறைந்தது. வார்டில் ஒரு கட்டிலில் விசாரித்துவிட்டு, தெரிந்த முகம் என்று அடுத்த கட்டிலிலும் கையைப் பிடித்துப் பேசுகிறோமே, அந்த நடுவில் கழுவ வேண்டும். சளி, காய்ச்சல் இருந்தால் போகவே வேண்டாம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். போகாததற்காக மனஸ்தாபம் கொள்கிற உறவுக்காரர்களிடமும் இதைச் சொல்லத்தான் வேண்டும். "நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப எட்டிக்கூடப் பாக்கல" என்று ஆரம்பித்து முப்பது வருஷம் பேசாமல் இருக்கிற குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு. 2020, 2021இல் யாரும் யாரையும் பார்க்கப் போக முடியவில்லை. பெற்ற பிள்ளையே வெளியே நின்று வீடியோ காலில் முகம் பார்த்தது. அதை அனுபவித்த பிறகும் வராதவர் மேல் கோபத்தை வைத்துக்கொண்டிருப்பது நியாயமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பார்க்கவே ஆள் வராத படுக்கைகளும் இருக்கின்றன. மதுரையிலிருந்து திருமங்கலம் போகிற பக்கம் தோப்பூரில் நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. எங்கள் தெருவில் பெயிண்டர் வேலை பார்த்த அண்ணன் ஒருவரைக் காசநோய்க்கு அங்கே சேர்த்திருந்தார்கள். தட்டைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் கூடப் பிறந்தவர்களே போகவில்லை. காசநோய் இருமல் வழியாகக் காற்றில்தான் பரவுகிறது. தட்டிலும் டம்ளரிலும் இல்லை. மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளத் தொடங்கிய சில வாரங்களில், மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக இல்லாத வரை, மற்றவர்களுக்குத் தொற்றுகிற வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அங்கே டாக்டரைக் கேட்டு, என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு, வெளிக்காற்றில் உட்கார்ந்து அவரோடு பேசிவிட்டு வந்தோம். என் வீட்டுக்காரரும் நானும் போனபோது அவர் எங்களிடம் கேட்டது தெருவில் எந்த வீட்டுக்கு இப்போது பெயிண்ட் அடிக்கிறார்கள் என்பதைத்தான். காசநோய் மருந்து குறைந்தது 6 மாதம். நடுவில் நிறுத்தினால் அது கட்டுப்படாத வகையாக மாறிவிடலாம். அந்த 6 மாதமும் ஒருவர் விடாமல் சாப்பிட, உனக்கு ஆள் இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

அம்மாவை டிஸ்சார்ஜ் செய்து வீட்டுக்குக் கூட்டி வந்த முதல் வாரம் வாசலில் செருப்புக்கு இடமில்லை. அடுத்த மாதம் குறைந்தது. அதற்கடுத்த மாதம் தெருவில் நிற்கிறவர்கள் "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்பதோடு சரி. பக்கவாதத்தில் முன்னேற்றம் வேகமாக வருவது முதல் மூன்று மாதத்தில். பயிற்சியை விடாவிட்டால் அதற்குப் பிறகும் மெதுவாக வந்துகொண்டே இருக்கும். அதாவது ஆள் வருவது நின்றுபோகிற நேரத்தில்தான் ஆள் அதிகம் தேவைப்படுகிறது. கையை மடக்கி நீட்ட, வாக்கரைப் பிடித்து நடக்கும்போது பக்கத்தில் வர, மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு வண்டி வைத்துக் கூட்டிப் போக. அப்போது எங்கள் வீட்டுக்கு விடாமல் வந்தவன் பெரியப்பாவின் பேரன், அழகரைத் தோளில் உட்கார்ந்து பார்த்தானே அவனுடைய அண்ணன், மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வருவான், அம்மாவோடு உட்கார்ந்து கிழமைகளைச் சொல்லுவான், ஒன்றிலிருந்து எண்ணுவான். அம்மாவும் கூடவே எண்ணுவார். இருபதைத் தாண்டினால் தடுமாறும், மறுபடி ஒன்றிலிருந்து. பிறகு வேலை கிடைத்து ஓசூருக்குப் போய்விட்டான். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது. "ஸ்பீக்கர்ல போடுங்க அத்தை" என்பான். அறுபது வரைக்கும் போகிறார்கள்.